வக்கீல்கள் மட்டும் ஓட்டுப் போடும் தேர்தல்: பார் கவுன்சில் பற்றி நம் குடும்பங்கள் அறிய வேண்டியவை

சில வருடங்களுக்கு முன் கடம்பத்தூரில் ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது ஒரு சகோதரி தன் தம்பியுடன் காத்திருந்தார். அவருடைய கணவர் காக்களூர் தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவர். இரவு ஷிப்ட் முடிந்து பைக்கில் வரும்போது லாரி மோதி வஃபாத்தாகிவிட்டார். சகோதரி இத்தாவில் இருந்த நாட்களிலேயே வக்காலத்துப் படிவமும் கூடவே சில வெற்றுத் தாள்களும் வீட்டுக்கு வந்து, கையெழுத்தாகிப் போயின. மூன்று வருடம் கழித்து நஷ்டஈடு வந்தது. அவர் கைக்குக் கிடைத்தது அதில் பாதிகூட இல்லை. மீதி பீஸ், செலவு, பர்சன்டேஜ் என்று போய்விட்டது. கணக்குக் கேட்டால் வக்கீல் போனை எடுப்பதில்லை.

"நாங்க யார்கிட்ட போய்க் கேக்கிறது ஹஸ்ரத்?" என்றார்.

அன்று நாம் சொன்ன பதிலை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. பொறுமையாக இருங்கள், ஜமாஅத்திலிருந்து இரண்டு பேர் போய்ப் பேசிப் பார்க்கட்டும் என்றோம். இருவரும் போனார்கள். வக்கீல் கொஞ்சம் பணம் கொடுத்தார். விஷயம் முடிந்ததாக எல்லோரும் நினைத்துக்கொண்டோம். மதரஸாவில் ஓதி, கல்லூரியில் கலைப் பட்டமும் வாங்கிய நமக்கு பார் கவுன்சில் என்ற பெயர் தெரிந்திருந்தது. அது யாருக்காக இருக்கிறது, அதில் உட்காருபவர்களை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது தெரியவில்லை. பிறகு விசாரித்தும் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம். பார் கவுன்சில் தேர்தல் பேச்சு நீதிமன்ற வளாகங்களில் சூடாக இருக்கும் நேரம் இது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். திருவள்ளூர் நீதிமன்றத்துக்குப் போனால் அங்கே வழக்கறிஞர் சங்கம் இருக்கும். சென்னை உயர் நீதிமன்றத்திலும் பல சங்கங்கள் இருக்கின்றன. இவை உறுப்பினர்கள் விரும்பிச் சேரும் அமைப்புகள். நீதிமன்றப் புறக்கணிப்பு என்று செய்தியில் வருவது பெரும்பாலும் இந்தச் சங்கங்களின் முடிவு. பார் கவுன்சில் என்பது வேறு. 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் உருவாக்கிய அமைப்பு அது. நமக்கு உரியது தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில். அதன் அலுவலகம் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. சட்டம் படித்து முடித்தவர் அங்கே பெயரைப் பதிவு செய்தால்தான் வக்கீல் ஆக முடியும். அந்தப் பெயரை நீக்கும் அதிகாரமும் அதற்கு உண்டு. சங்கத்திலிருந்து நீக்கப்பட்டவர் தொழிலைத் தொடரலாம். பார் கவுன்சில் பெயரை நீக்கினால் கறுப்பு கோட்டைக் கழற்ற வேண்டியதுதான்.

நம் சகோதரியின் கேள்விக்குப் பதில் இந்த அதிகாரத்தில்தான் இருந்தது. ஒரு வக்கீல் தொழில் ஒழுக்கம் தவறியதாகப் புகார் வந்து, அதில் முகாந்திரம் இருப்பதாக பார் கவுன்சில் கருதினால், அதை ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்பும். குழுவில் மூன்று பேர். இருவர் பார் கவுன்சிலின் உறுப்பினர்கள். மூன்றாமவர் உறுப்பினராக இல்லாத, அனுபவமுள்ள ஒரு வக்கீல். இருதரப்பையும் கேட்டபின் அவர்கள் புகாரைத் தள்ளுபடி செய்யலாம், கண்டிக்கலாம், குறிப்பிட்ட காலம் தொழில் செய்யத் தடை விதிக்கலாம், பதிவேட்டிலிருந்து பெயரையே நீக்கலாம். புகார் கிடைத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் முடிக்க வேண்டும். முடியாவிட்டால் அது டெல்லியிலுள்ள இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிவிடும். தீர்ப்பு பிடிக்காதவர் 60 நாட்களுக்குள் இந்திய பார் கவுன்சிலில் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு மேல் உச்ச நீதிமன்றம்.

புகாரை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று பலர் நினைத்துப் பின்வாங்குகிறார்கள். மாநில ஆட்சிமொழியில் எழுதலாம் என்று விதியே சொல்கிறது. தமிழில் எழுதி, கையெழுத்திட்டு, உண்மை என உறுதிமொழி தந்து, உரிய கட்டணத்தோடு கொடுத்தால் போதும். இன்னொரு விதியும் இருக்கிறது. அதைப் படித்தபோது நம் மனம் கனத்துவிட்டது. இரு தரப்பும் சமாதானமாகிவிட்டார்கள், புகார்தாரர் வாபஸ் வாங்கிவிட்டார் என்ற காரணத்துக்காக மட்டும் ஒழுங்கு விசாரணையைக் கைவிடக் கூடாது என்கிறது அது. ஒரு வக்கீல் தவறு செய்தாரா என்பது அவருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் மட்டும் அல்ல, அடுத்து அவரிடம் போகப்போகும் குடும்பங்களையும் பற்றியது என்பதால்தான் இப்படி வைத்திருக்கிறார்கள். ஜமாஅத் மூலம் பேசி முடித்தபோது நாம் அந்த அடுத்த குடும்பங்களை நினைக்கவே இல்லை.

பீஸ் விஷயத்திலும் நம் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டியது உண்டு. ஜெயித்தால் இவ்வளவு பங்கு என்று விபத்து வழக்குகளில் பேசிக்கொள்வது நம் பக்கத்தில் சர்வ சாதாரணம். இந்திய பார் கவுன்சிலின் விதிகள் இதை வெளிப்படையாகத் தடுக்கின்றன. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசக்கூடாது, கிடைக்கும் தொகையில் பங்கு கேட்கக்கூடாது. கட்சிக்காரரின் பணத்துக்கு வக்கீல் கணக்கு வைக்க வேண்டும், கேட்டால் அந்தக் கணக்கின் நகலைத் தர வேண்டும். ஆக, அந்தச் சகோதரி கேட்டது சலுகை அல்ல. அவர் கேட்ட கணக்கு அவருக்குச் சேர வேண்டிய ஒன்று.

நுகர்வோர் நீதிமன்றம் போகலாமே என்று சிலர் கேட்பார்கள். 2007இல் தேசிய நுகர்வோர் ஆணையம், வக்கீலின் சேவைக் குறைபாட்டுக்கும் அங்கே வழக்குப் போடலாம் என்றது. 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. வக்கீல் தொழில் தனித்தன்மை உள்ளது, அது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்பது தீர்ப்பு. மோசடி என்றால் காவல் நிலையம், பணம் திரும்ப வேண்டும் என்றால் சிவில் நீதிமன்றம், அவை இருக்கின்றன. பார் கவுன்சில் தண்டிக்குமே தவிர, பணத்தை வசூலித்துத் தரும் இடம் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் ஒரு சாதாரணக் குடும்பம் அதிகச் செலவில்லாமல் தட்டக்கூடிய கதவுகளில் ஒன்று மூடப்பட்டபின், பார் கவுன்சிலின் கதவு முன்பைவிட முக்கியமாகிவிட்டது. அந்தக் கதவுக்குப் பின்னால் உட்காருபவர்களைத் தேர்ந்தெடுப்பதுதான் இந்தத் தேர்தல்.

இதில் ஓட்டுப் போடுவது பதிவு பெற்று வாக்காளர் பட்டியலில் இருக்கும் வக்கீல்கள் மட்டுமே. பொதுமக்களுக்கு இடமில்லை. வக்கீல்களின் எண்ணிக்கை 5,000 வரை உள்ள மாநிலத்தில் 15 உறுப்பினர்கள், 10,000 வரை என்றால் 20, அதற்கும் மேல் என்றால் 25. தமிழ்நாட்டில் 25 பேர். கூடவே அட்வகேட் ஜெனரல் பதவி வழி உறுப்பினர். தேர்ந்தெடுக்கப்படுபவர்களில் கூடியவரை பாதிப் பேர் பதிவு செய்து பத்து வருடமாவது ஆனவர்களாக இருக்க வேண்டும். பதவிக்காலம் ஐந்து வருடம். தலைவரையும் துணைத் தலைவரையும், இந்திய பார் கவுன்சிலுக்கு அனுப்பும் ஒருவரையும் இவர்களே தங்களுக்குள் தேர்ந்தெடுப்பார்கள்.

ஓட்டுப் போடும் முறைதான் இதில் சுவையான பகுதி. நம் சட்டமன்றத் தேர்தல் போல ஒரு பெயருக்கு நேரே ஒரு பொத்தான் இங்கே கிடையாது. 'ஒற்றை மாற்று வாக்கு' வழியிலான விகிதாசாரப் பிரதிநிதித்துவம் என்பது இதன் பெயர். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பிரியாணிக்கு அரிசி வாங்கப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பும்போது, "சீரகச் சம்பா வாங்கு, இல்லைன்னா பாஸ்மதி, அதுவும் இல்லைன்னா பொன்னி" என்று சொல்லி அனுப்புகிறோம் அல்லவா, அதுதான் இது. வாக்காளர் பெயர்களுக்கு நேரே 1, 2, 3 என்று தன் விருப்ப வரிசையை எழுதுகிறார். 25 இடங்கள் என்பதால் ஒருவருக்கு 25 ஓட்டு என்று நினைத்துவிடக் கூடாது. ஓட்டு ஒன்றே ஒன்று. எழுதிய வரிசைப்படி அது தேவைப்பட்டால் அடுத்தவருக்கு நகரும். இரண்டு பெயருக்கு '1' போட்டாலோ, '1' போடாமல் விட்டாலோ சீட்டு செல்லாது.

ஜெயிக்க எத்தனை ஓட்டு வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. செல்லுபடியான ஓட்டுகளை, இடங்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி வரும் எண்ணால் வகுத்து, விடையில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். கணக்கு எளிதாக இருக்க, 52,000 ஓட்டு விழுந்ததாக வைத்துக்கொள்வோம். 25 இடம் என்பதால் 26ஆல் வகுத்தால் 2,000. ஒன்று சேர்த்தால் 2,001. முதல் எண்ணிக்கையிலேயே அதை எட்டியவர் ஜெயித்துவிட்டார். அவருக்குத் தேவைக்கு மேல் விழுந்த ஓட்டு வீணாவதில்லை, அந்தச் சீட்டுகளில் உள்ள அடுத்த விருப்பத்துக்கு உரிய விகிதத்தில் போகும். யாரும் எட்டாத கட்டத்தில், கடைசியில் இருப்பவர் நீக்கப்பட்டு அவருடைய சீட்டுகள் அடுத்த விருப்பத்துக்கு மாறும். 25 இடமும் நிரம்பும்வரை இது தொடரும். போட்டியிடுபவர்கள் அதிகம் என்பதால் எண்ணிக்கை நாள் கணக்கில் இழுக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, நூற்றில் நான்கு பேர் சேர்ந்து நின்றால் ஓர் இடத்தை உறுதி செய்துவிடலாம் என்பது. சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் விகிதாசார முறை வேண்டும் என்று நம் அமைப்புகள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகின்றன. அதே முறை வக்கீல்களின் தேர்தலில் 1961இன் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? சிறு மாவட்டத்துக்காரர், பெண்கள், சிறுபான்மையினர், முதல் தலைமுறை வக்கீல்கள் என்று யாராக இருந்தாலும் ஒதுக்கீடு இல்லாமலே ஒருவரை அனுப்ப இந்த முறை இடம் தருகிறது.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. நான்கு சதவீதம் போதும் என்றால், சாதியைச் சொல்லி நான்கு சதவீதம் திரட்டலாம், சமுதாயத்தைச் சொல்லித் திரட்டலாம், விருந்து வைத்தும் திரட்டலாம். பார் கவுன்சில் தேர்தலில் பணம் புழங்குகிறது என்று குறைசொல்வது பெரும்பாலும் வக்கீல்களேதான். "நம்மாளு ஒருத்தர் உள்ளே இருக்கணும் ஹஸ்ரத், ஜமாஅத்தில் சொல்லுங்க" என்று நம்மிடமும் கேட்டிருக்கிறார்கள். உள்ளே நம்மவர் இருப்பது நல்லதுதான், மறுக்கவில்லை. அவர் யாராக இருக்கிறார் என்பதைப் பார்க்காமல் நம்மவர் என்பதை மட்டும் பார்க்கச் சொன்னால் அதற்கு நாம் உடன்பட முடியாது. ஓட்டுக்கு மூன்று நிலைகள் உண்டு என்று முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) விளக்கியிருக்கிறார்கள்: சாட்சியம், பரிந்துரை, வகாலத். வக்கீல், வக்காலத்து என்ற நம் ஊர்ச் சொற்களுக்கும் அந்த அரபுச் சொல்தான் வேர். பிறருக்காக வகாலத் ஏற்பதையே தொழிலாகக் கொண்டவர்கள், தங்கள் வகாலத்தை யாரிடம் ஒப்படைக்கிறார்கள் என்பதைத்தான் இந்தத் தேர்தலில் காட்டுகிறார்கள்.

இந்த அமைப்பில் ஒரு பலவீனமும் இருக்கிறது, மறைக்கத் தேவையில்லை. வக்கீல் மீதான புகாரை விசாரிப்பவர் வக்கீல்களின் ஓட்டால் வந்தவர். அடுத்த தேர்தலிலும் அவர்களிடமே ஓட்டுக் கேட்க வேண்டியவர். செல்வாக்குள்ள வக்கீல் மீது புகார் வந்தால் அவர் கை தயங்காதா? இதனாலேயே வெளியாட்களையும் சேர்க்க வேண்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். அரசாங்கம் உள்ளே வந்தால் அரசை எதிர்த்து வாதாடும் வக்கீலின் கழுத்தில் கயிறு விழும் என்பது மறுபக்கத்தின் பதில். அந்தப் பதிலை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆட்சியாளருக்குப் பிடிக்காத வழக்குகளை ஏற்று நடத்தும் வக்கீல்கள் தேவைப்படும் சமுதாயம் நம்முடையது. ஆகவே சுயாட்சி இருக்கட்டும். அதைத் தாங்கும் தகுதியுள்ளவர்கள் தேர்வாக வேண்டும், தேர்தலும் உரிய காலத்தில் நடக்க வேண்டும்.

உரிய காலத்தில் நடக்கவில்லை என்பதுதான் இப்போதைய பிரச்சினை. தமிழ்நாட்டில் கடைசியாக 2018 மார்ச்சில் தேர்தல் நடந்தது. பி.எஸ்.அமல்ராஜ் தலைவரானார். ஐந்து வருடக் கணக்குப்படி 2023இல் அடுத்த தேர்தல் வந்திருக்க வேண்டும். சட்டம் தரும் நீட்டிப்பு ஆறு மாதம்தான். வேறு பல மாநிலங்களிலும் இதே நிலை. காரணமாகச் சொல்லப்பட்டது சான்றிதழ் சரிபார்ப்பு. போலிச் சான்றிதழ் வைத்துக்கொண்டும், வெளிமாநில 'லெட்டர்பேட்' கல்லூரிகளில் வகுப்புக்கே போகாமல் பட்டம் வாங்கியும் கோட்டு மாட்டியவர்கள் இருக்கிறார்கள் என்ற புகார் நெடுநாளாக உண்டு. அவர்களைக் களைய வேண்டும் என்று 2015இல் விதி வந்தது. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்காணிக்க ஓய்வுபெற்ற நீதிபதி தீபக் குப்தா தலைமையில் ஒரு குழுவையும் அமைத்தது. நோக்கம் சரி. ஆனால் சரிபார்ப்பு முடியவில்லை என்பதையே காரணமாக்கி, பதவியில் இருப்பவர்கள் வருடக் கணக்கில் தொடர இந்திய பார் கவுன்சிலின் விதி வழிவிட்டது. அந்த விதியை எதிர்த்த வழக்கில், 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தேர்தல்களை 2026 ஜனவரி 31க்குள் முடிக்கச் சொன்னது. பிறகு நவம்பர் 18 அன்று, மாநிலங்களை ஐந்து கட்டமாகப் பிரித்து 2026 ஏப்ரல் 30க்குள் எல்லாத் தேர்தல்களும் நடந்து முடிய வேண்டும் என்று உத்தரவிட்டது. மேற்பார்வைக் குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி சுதான்ஷு துலியா. ஹிஜாப் வழக்கில் 2022 அக்டோபரில் இரு நீதிபதிகள் வேறுபட்டபோது, பள்ளி மாணவிகளின் பக்கம் நின்று தீர்ப்பு எழுதியவர் இவர்தான் என்றால் நம் வீட்டுப் பெண்களுக்கு ஞாபகம் வரும்.

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பார் கவுன்சில்களில் பெண்கள் மிகவும் குறைவு. 2025 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், இந்தத் தேர்தல்களில் 30 சதவீத இடம் பெண்களுக்கு என்றது. இம்முறை 20 சதவீதம் தேர்தல் மூலமும், 10 சதவீதம் நியமனம் மூலமும் நிரப்பலாம். 25 இடத்தில் 20 சதவீதம் என்றால் ஐந்து. 1950இல் பார் கவுன்சில் தேர்வில் முதலிடம் பெற்ற பெண் பாத்திமா பீவி. தமிழ் ராவுத்தர் குடும்ப வழியில் வந்த பத்தனம்திட்டாக்காரர். 1989இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார், 1997 முதல் 2001 வரை நம் மாநிலத்தின் ஆளுநராகவும் இருந்தார். தேர்வில் ஒரு முஸ்லிம் பெண் முதலிடம் பெற்று 75 வருடம் கழித்து, அதே தொழிலை ஆளும் அவையில் பெண்களுக்கு இடம் வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருக்கிறது.

நடுத்தர வீட்டுப் பிள்ளைகள் போட்டியிடுவதற்கு இன்னொரு தடையும் இருக்கிறது. இந்தத் தேர்தலுக்கு வேட்புமனுக் கட்டணமாக இந்திய பார் கவுன்சில் வைத்தது 1,25,000 ரூபாய், அதுவும் திரும்பக் கிடைக்காது. தேர்தல் செலவுக்குப் பணம் வேண்டும் என்பது அவர்கள் தரப்பு நியாயம். திருவள்ளூரில் ஜாமீன் மனுவும் ஜீவனாம்ச வழக்கும் நடத்திச் சம்பாதிக்கும் ஓர் இளம் வக்கீல் இந்தத் தொகைக்கு எங்கே போவார்? பணம் போட்டு நிற்பவர், போட்ட பணத்தை நினைக்காமல் இருப்பாரா?

கட்டணம் என்றதும் பெற்றோருக்கு ஒரு செய்தி. சட்டப் படிப்பு முடித்த பிள்ளையை வக்கீலாகப் பதிவு செய்ய, சட்டம் வைத்திருக்கும் கட்டணம் மொத்தம் 750 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 125. ஆனால் பல மாநில பார் கவுன்சில்கள் பல பெயர்களில் 15,000க்கும் மேல் வாங்கிவந்தன. சட்டம் சொன்னதற்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. முன்பு வாங்கியதைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்றும் சொல்லிவிட்டது. அந்த அதிகக் கட்டணங்களை முடிவு செய்தவர்களும் தேர்தலில் வந்த உறுப்பினர்கள்தான்.

நமக்கு ஓட்டில்லை. ஆனால் இன்று நம் குடும்பங்களில் வக்கீல் இல்லாத சொந்தபந்தம் குறைவு. மச்சான் மகனோ, பக்கத்து வீட்டு மருமகளோ கறுப்பு கோட்டுடன் ரயில் ஏறுவதைப் பார்க்கிறோம். அவர்கள் வீட்டுக்கு வரும்போது நாம் கேட்கலாம். வாக்காளர் பட்டியலில் உன் பெயர் இருக்கிறதா, சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கொடுத்துவிட்டாயா? யாருக்கு '1' போடப் போகிறாய், ஏன்? கட்சிக்காரரின் பணத்தில் கைவைத்ததாக அவர் மீது பேச்சு உண்டா? ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் அவர் உட்கார்ந்தால், உன் நண்பர் மீது புகார் வந்தாலும் நேராக விசாரிப்பாரா? நான்காவது கேள்வியை நம் உறவினர் ஒருவரிடம் கேட்டோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "மூணாவது பெயர மாத்தணும் மாமா" என்றார்.

அந்தச் சகோதரியின் தம்பியை மறுபடி தேடிப் போனோம். புகார் கொடுக்க இன்னும் வழி இருக்கிறதா என்பதைக் காகிதங்களைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று ஒரு வக்கீல் சொல்லியிருக்கிறார். காகிதங்களை ஒரு மஞ்சள் பையில் போட்டுப் பரணில் வைத்திருந்தார்கள். வக்காலத்து நகல் இருக்கிறது, வங்கிப் புத்தகமும் இருக்கிறது. தீர்ப்பு நகல் மட்டும் இல்லை. அதற்குத் திருவள்ளூர் நீதிமன்றத்தில் மனுப் போட்டிருக்கிறோம்.